தங்கச்சி கையால் ஒரு கோப்பி

1

இது திருட்டுக் கதை. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பிறகு கண்டுபிடித்துக் குறை சொல்லாதீர்கள். திருடிய இடம் என் மனைவி ரிப்காவின் வீட்டுக் குசினி. எங்கள் காத்தான்குடியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு அவளுடையது, கதிரை அவளுடையது, கட்டில் அவளுடையது. நான் கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பும் இரண்டு பெட்டி புத்தகமும். ஆகவே அந்த வீட்டில் நடப்பதை எழுத எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. எழுதுகிறேன்.

சஞ்சிகைக்காரர் ஒருவர் கோப்பியைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார். "பழைய ஞாபகங்களாப் போடுங்க, ருசியா இருக்கணும்" என்றார். நான் தொடங்கினேன்:

'மாரி மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம், வாவிப் பக்கமிருந்து ஈரக் காற்று வர, ஆவி பறக்கும் கோப்பையைக் கையில் ஏந்தியபடி நான்

விட்டுவிட்டேன். இந்த வசனத்தை நீங்கள் நூறு தரம் வாசித்திருப்பீர்கள். இதில் கோப்பியே இல்லை, ஆவி மட்டும்தான். இரண்டாம் தரம் தொடங்கினேன்:

'காய்ச்சல் வந்தால் எங்கள் உம்மா வேர்க்கொம்பும் (சுக்குத்தான்) மல்லியும் சேர்த்து இடித்த கோப்பி தருவார். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. சீனியை நாக்கு நுனியால் தொட்டு ஒரு மிடறு, மறுபடி தொட்டு ஒரு மிடறு. தொண்டையில் காரம், நாக்கில் இனிப்பு, நெற்றியில் வேர்வை. கோப்பை முடியும்போது உள்ளங்கை பிசுபிசு என்று இருக்கும். அந்தக் கையை நக்குவதற்காகவே பள்ளிக்கூட நாட்களில் எனக்கு எத்தனை காய்ச்சல் வந்தது!'

இது பரவாயில்லை. இதே வழியில் போயிருந்தால் கட்டுரை அன்றைக்கே முடிந்திருக்கும், நீங்களும் தப்பியிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து கருகல் மணம் வந்தது. எழும்பிப் போனேன். மாமி அடுப்புக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். சட்டியில் கோப்பிக்கொட்டை கரிக்கட்டையாகிக் கிடந்தது.

கட்டுரை அத்தோடு சரி.

2

நாயகி றுமானா, வயது ஐம்பத்தேழு, என் மாமி.

(அடிக்குறிப்பு ஒன்று: மாமியை 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது. 'அவர்' என்று எழுதினால் எங்கேயோ தூரத்தில் போய் நிற்கிறார். கதைக்குள் மட்டும் 'அவள்'. கதைக்கு வெளியே எழும்பி நின்றுதான் கதைப்பேன்.)

புதன்கிழமை றுமானாவின் இத்தா, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் காலம், முடிந்தது. கணவர் உசனார் மௌத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும். அத்தனை நாளும் வெள்ளை உடுத்து, வாசலைத் தாண்டாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருந்தாள். அன்று குளித்து, மகள் ரிப்கா எடுத்துவைத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு ஹோலுக்கு வந்து இருந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மருமகனுடைய போன் அடித்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து உசனாரின் பழைய சிநேகிதர் வல்லிபுரம். மருமகன் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டான்.

"றம்ஸீன் மகன், தங்கச்சிட இத்தா முடிஞ்சிட்டாம் எண்டு கேள்விப்பட்டன். சனிக்கிழம வாறன். மச்சான் இல்லாத வீட்டுக்கு வரக் கால் கூசுதுதான். எண்டாலும் தங்கச்சிட கையால ஒரு கோப்பி குடிக்காட்டி எனக்கு மனம் ஆறாது. சொல்லிவிடுங்க."

"அல்லாஹ்வே" என்றாள் றுமானா. எழும்பி நேரே குசினிக்குப் போனாள்.

ஏன் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். றுமானாவுக்குக் கோப்பி ஊற்றத் தெரியாது. முப்பத்தேழு வருசமாக வல்லிபுரம் புகழ்ந்து புகழ்ந்து குடித்த 'தங்கச்சிட கோப்பி' ஒரு நாளாவது தங்கச்சி ஊற்றியதில்லை. ஊற்றியது உசனார்.

3

எண்பத்தேழாம் ஆண்டு. உசனார் மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்து எட்டாம் நாள். அவருக்கு வலையும் தங்கூசி நூலும் விற்கிற கடை. வல்லிபுரம் அவரிடம் வலை வாங்குகிற வாவி மீன்காரர். வலை வாங்க வந்து கதைத்துக் கதைத்து, இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலை, புதுமாப்பிள்ளையைப் பார்க்க ஒரு பை நண்டோடு வந்து ஹோலில் இருந்தார் வல்லிபுரம். குசினி வாசலில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "தங்கச்சி, அண்ணன் வந்திரிக்கன். உங்கட கையால ஒரு கோப்பி தாங்க."

றுமானாவுக்கு இருபது வயது. அவள் வீட்டில் எல்லோரும் தேத்தண்ணிக்காரர்கள். தேயிலை போடுகிற மாதிரிக் கோப்பித்தூளையும் அள்ளிப் போட்டாள். வந்தது சேற்றுத் தண்ணீர். மாப்பிள்ளையின் சிநேகிதருக்கு முன்னால் முதல் மானக்கேடு. அவள் அழத் தொடங்கினாள்.

என்ன இவ்வளவு நேரம் என்று பார்க்க வந்த உசனார் ஒரு மிடறு வாயில் வைத்தார். கண்ணை மூடி விழுங்கினார். குசினிக் கதவைச் சாத்தினார். கோப்பையை வெளியே கவிழ்த்துவிட்டு, சேலை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற புதுப்பெண்ணிடம், "எங்கட உம்மா ஊத்திற கோப்பி ஒண்டு இரிக்கி, பொறுங்க" என்றார்.

பத்து நிமிடம். கோப்பையை அவரே ஹோலுக்குக் கொண்டுபோனார். வல்லிபுரம் ஒரு மிடறு குடித்தார், நிமிர்ந்து இருந்தார்.

"தங்கச்சி! கோப்பி எண்டா இதுக்குத்தான் பேர். மத்ததெல்லாம் சும்மா சுடுதண்ணி!"

உசனார் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரைச்சீலையைப் பார்த்து, "ஓம் மச்சான், அவக்குக் கைராசி" என்றார். திரைக்குப் பின்னால் றுமானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

(அடிக்குறிப்பு இரண்டு: ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். புதுமாப்பிள்ளை மாமி வீட்டுக் குசினியில் நின்று கோப்பி ஊற்றினான் என்று வெளியே போனால், வலைக்கடைக்கு வருகிறவன் எல்லாம் வலை கேட்கமாட்டான், கோப்பிதான் கேட்பான். ஆண் திரைக்கு முன்னால், பெண் திரைக்குப் பின்னால். பின்னாலிருந்து வருவதெல்லாம் பெண்ணின் கைதான் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு முடிவு.)

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நாடகம். உசனார் ஹோலிலிருந்து கத்துவார்: "இஞ்சே, மச்சான் வந்திரிக்கார், கோப்பி!" கொஞ்சம் பொறுத்து, "என்ன செய்றா எண்டு பாத்துட்டு வாறன்" என்று உள்ளே வருவார். கதவு சாத்தப்படும். ஹோலில் றுமானாவின் வாப்பா, அறையில் உம்மா, முற்றத்தில் தங்கச்சிமார், பிறகு பிள்ளைகள். அந்த வீட்டில் இரண்டு பேரும் தனியாக நிற்க வேறு நேரம் கிடையாது. வாரத்தில் பத்து நிமிடம். றுமானா, மா போட்டுவைக்கிற மாப்பேணிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்பாள். அவர் ஊற்றுவார். முதல் மிடறு அவளுக்குத்தான். "கையக் காட்டுங்க" என்று அவள் உள்ளங்கையில் சீனி வைப்பார். தேத்தண்ணிக்காரியான அவள் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். சந்தோசம் என்றால் அவளுக்கு அதுதான். அதற்குப் பிறகு திரைக்கு அப்பாலிருந்து பாராட்டு வரும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்குவார்கள்.

கோப்பிக்குக் கூலியாக, வாவியில் பிடித்ததில் நல்ல நண்டு தங்கச்சிக்கு வரும். தங்கச்சி கூசாமல் தின்றாள்.

தொண்ணூறில் வல்லிபுரம் வரவில்லை. ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேறு ஊர்க்காரருக்கு: அவருடைய தமிழ் ஆட்கள் இந்த ஊருக்கும், எங்களுடைய முஸ்லிம் ஆட்கள் அந்தக் கரைக்கும் போகமுடியாத சண்டைக்காலம் அது. இரண்டு கரையிலும் செத்த வீடு. அதைப் பற்றி நான்

இல்லை. அது வேறு கதை. அதை எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

பன்னிரண்டு வருசம் கழித்து ஒரு சனிக்கிழமை, தலை நரைத்த ஒருவர் கேற்றடியில் சைக்கிளைச் சாய்த்தார். ஹோலில் அதே கதிரையில் இருந்தார். பிறகு வல்லிபுரம் திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, எத்தனையோ இடத்தில இருந்திட்டன். முகாமிலயும் இருந்தன். எங்க கோப்பி தந்தாலும் உங்கட கோப்பிய நினைச்சித்தான் குடிச்சன்."

குசினியில் உசனாரின் கையிலிருந்து கேத்தல் மூடி கீழே விழுந்தது. "இண்டைக்கிச் சொல்லிடுறன்" என்றார். "வேணாம், இண்டைக்கி வேணாம்" என்றாள் றுமானா. அன்றுவரைக்கும் அது விளையாட்டு. அதற்குப் பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது.

4

இப்போது உங்களுக்கு விளங்கும், புதன்கிழமை சட்டி ஏன் கருகியது என்று. சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

"பக்கெற் கோப்பி வாங்குவம் உம்மா" என்றாள் ரிப்கா. "அவருக்கும் வயசாகிட்டு. வித்தியாசம் தெரியாது."

"ஒனக்கு விசரா புள்ள? முகாமில இருந்துகொண்டே ருசிய நினைச்சிட்டு இருந்த மனிசன். தெரியாதாம்!"

வியாழக்கிழமை கொட்டை கருகவில்லை, ஆனால் மல்லி கூடிவிட்டது. பின்னேரம் வேர்க்கொம்பு கூடிவிட்டது. மருமகன் ருசி பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தான். அன்று பதினொரு கோப்பை குடித்து, நெஞ்சு படபடவென்று அடிக்க, கட்டிலில் போய்க் கிடந்தான். (அந்த மருமகன் நான்தான். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மூன்றாம் ஆளாக எழுதினால் வலி குறைவு.)

அப்போதுதான் றுமானா ஏறாவூரிலிருந்த உசனாரின் தங்கச்சிக்குப் போன் எடுத்தாள்.

"மதினி, மாமி ஊத்திற கோப்பிக்கு என்னெல்லாம் போடுவாங்க? ஞாபகம் கிடக்கா?"

அந்தப் பக்கம் சிரித்தார்கள். "எங்கட உம்மாவா? உம்மாக்குக் கோப்பி எண்டாலே தலவலி. எங்கட வீட்ட கோப்பிப் போத்தலே இருக்கல்லயே மதினி!"

றுமானா போனை மேசையில் வைத்தாள்.

அப்படியென்றால் அது யாருடைய கோப்பியும் இல்லை. அழுதுகொண்டு நின்ற இருபது வயதுப் பெண்ணுக்காக, கதவைச் சாத்திவிட்டு, அந்த மனிதர் அந்த இடத்திலேயே கைக்கு வந்ததைப் போட்டு உண்டாக்கிய கோப்பி. எங்கட உம்மாவுடையது என்று ஒரு பொய்யும் சேர்த்து ஊற்றியிருக்கிறார். முப்பத்தேழு வருசத்தில் இதை அவளுக்கும் சொல்லவில்லை.

"நீங்க பக்கத்திலதானே மாமி நிண்டீங்க" என்றேன். "என்ன போட்டாரெண்டு பாக்கல்லயா?"

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்த மாதிரி இருந்தது, வெட்கம் வந்த மாதிரியும் இருந்தது.

"நான் கையப் பாக்கல்லயே மகன். அவர்ட மூஞ்சியத்தான் பாத்துட்டு நிண்டன்."

ரிப்கா உம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வெளியே போய்க் கேற்றடியில் நின்றேன். என்ன செய்வது, எனக்கும் தாங்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து, நான் முடிவுகளை எழுதத் தொடங்கினேன். எழுதுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்?

முதலாம் முடிவு: றுமானா ஊற்றிய கோப்பியை வல்லிபுரம் குடிக்கிறார், ஒன்றும் சொல்லாமல் கோப்பையை வைத்துவிட்டுப் போகிறார். பிறகு வரவேயில்லை. இது கொடுமை. என் சொந்த மாமிக்கு இப்படிச் செய்ய மாட்டேன்.

இரண்டாம் முடிவு: வல்லிபுரம் சிரித்துக்கொண்டு சொல்கிறார், "எனக்கு முதல் நாளே தெரியும் தங்கச்சி." இதில் உங்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் எழுதும்போது கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. தெரிந்தால் அந்த மனிதர் சும்மா இருக்கிற ஆளா? கரை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மூன்றாம் முடிவு: மாமிக்குத் தலைச்சுற்று என்று சொல்லிச் சனிக்கிழமையைத் தள்ளிப்போடுவது. இதைக் கதையாக எழுதவில்லை, யோசனையாகவே மாமியிடம் சொன்னேன்.

"எத்தின சனிக்கிழமைக்குத் தள்ளுவீங்க?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "மகன், உங்கட முடிவெல்லாம் அந்த மனிசன எப்படி ஏமாத்திற எண்டுதான் பாக்குது. எனக்கு அவர ஏமாத்தத் தேவையில்ல. எனக்கு அந்தக் கோப்பி வேணும்."

முடிவுகளை எழுதிய கொப்பியை, அந்த நோட்டுப் புத்தகத்தை, மூடிவைத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் யோசித்து எழுதவில்லை.

6

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வல்லிபுரம் வந்தார். கையில் வழமையான பை, பைக்குள் நண்டு. தன் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பார் போல, நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பழக்கதோசத்தில், திரைச்சீலையைப் பார்த்துக் கதைக்க வாயைத் திறந்தார்.

திரைச்சீலை விலகியது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, தட்டைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு றுமானா வந்தாள். முப்பத்தேழு வருசத்தில் முதல் தரம். மகள் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். கோப்பையையும் சீனிப் பேணியையும் மேசையில் வைத்துவிட்டு உசனாரின் கதிரையில் இருந்தாள். வல்லிபுரம் பதறி எழும்பப் பார்த்தார்.

"இருங்க அண்ணன். இதக் குடிக்க முதல் ஒண்டு சொல்லணும்."

"சொல்லுங்க தங்கச்சி."

"இது நான் ஊத்தின கோப்பி. நான் ஊத்தி நீங்க குடிக்கப்போற முதல் கோப்பி இதுதான்."

வல்லிபுரத்துக்கு விளங்கவில்லை.

"இவ்வளவு நாளும் அவர்தான் ஊத்தின. நான் ஒரு நாளும் ஊத்தல்ல. நீங்க என்னப் புகழுவீங்க, நாங்க உள்ளுக்க நிண்டு சிரிப்பம். மன்னிச்சிக்கங்க அண்ணன்."

கோப்பை அவருடைய கையில் பாதி வழியில் நின்றது.

"மச்சானா?"

"ஓம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அப்ப... அந்த நண்டெல்லாம்?"

"அத நான்தான் திண்டன்."

வல்லிபுரம் கோப்பையைக் கீழே வைத்தார். "அட கள்ளப்பயலே!" என்றார். "அட, என்ட உசனாரே!" சிரித்தார். கதிரை ஆட ஆடச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குப் பிடிபடவில்லை. தோளில் கிடந்த துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதார். தன் கையை மறைத்து, திரையைப் பார்த்து 'அவக்குக் கைராசி' என்று சொன்ன மச்சானுக்காக அழுதார். உசனாரை அடக்கிய அன்று மையவாடியில்கூட அவர் இப்படி அழவில்லை.

றுமானா அவரை அழவிட்டாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அவர் என்ன போட்டாரெண்டு எனக்குத் தெரியா அண்ணன். நான் பாக்கல்ல. எனக்குச் சீனியோட தருவார், எனக்கு அந்தச் சீனிதான் ஞாபகம். இப்ப அந்த ருசி உங்கட நாக்கில மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கு. குடிச்சிப் பாத்து, என்ன குறையுதெண்டு சொல்லுங்க. எனக்காக."

வல்லிபுரம் துவாயால் முகத்தைத் துடைத்தார். சீனிப் பேணியை இழுத்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். நாக்கால் தொட்டார். ஒரு மிடறு. கண்ணை மூடினார். மறுபடி தொட்டார். இன்னொரு மிடறு. றுமானா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் கண் அவருடைய வாயை விட்டு அசையவில்லை.

வல்லிபுரம் கண்ணைத் திறந்தார். மூன்றே மூன்று சொல் சொன்னார்:

"                                        "

றுமானா எழும்பிக் குசினிக்கு ஓடினாள். ஐம்பத்தேழு வயதுப் பெண் அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை.

7

அந்த மூன்று சொல்லையும் எழுதித்தான் வைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் மாமிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நண்டுக்குச் சிரித்தார். கேத்தல் மூடி விழுந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிவுக்கு வந்ததும் கையை நீட்டினார்.

"மத்ததெல்லாம் போடுங்க மகன். சட்டி கருகினதையும் போடுங்க, போகட்டும். அத மட்டும் வெட்டுங்க. அது நாங்க கதவச் சாத்திட்டு இருந்த இடம்."

வெட்டிவிட்டேன். மேலே நீங்கள் பார்த்த வெறுமை அதுதான். அச்சுப் பிழை இல்லை.

உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார், கோப்பியோ கறியோ, அவருடைய கைக்கு மட்டும் வந்த ஒன்று இருந்திருக்கும். நீங்களும் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். இடம் விட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், அவர் கோப்பி ஊற்றிக் கொடுத்த யாராவது இன்னும் உயிரோடு இருப்பார், போய்க் கேளுங்கள்.

இன்றைக்கும் சனிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேற்றடியில் சைக்கிள் சாயும் சத்தம் கேட்டது. "தங்கச்சி, வந்திட்டன்" என்கிறார் வல்லிபுரம். மாமி குசினிக்குள் போகிறார், பின்னால் ரிப்காவும் போகிறாள். கேத்தலில் தண்ணீர் விழுகிறது.

"இஞ்சே, எழுதினது போதும், வந்து உதவி செய்ங்க" என்று ரிப்கா கூப்பிடுகிறாள்.

இதோடு பேனையை வைக்கிறேன். போய் மாப்பேணிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன். கையைத்தான் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறேன்.